நெஞ்செரிச்சல் வேறு, வாயு வேறு: ஆயுர்வேதம் சொல்லும் வயிற்றுத் தீ

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி நெஞ்சு எரிய ஆரம்பித்ததும் நான் செய்த முதல் வேலை, சுக்கையும் மிளகையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடித்ததுதான். வயிற்றுக்கு ஏதாவது என்றால் சுக்கு, அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்கிற நினைப்பு. அரை மணி நேரத்தில் எரிச்சல் தொண்டை வரை ஏறி, விடியும் வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு ஆயுர்வேத மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "சுக்கு நல்ல மருந்துதான், நீங்க குடிச்ச அன்னைக்கு இல்ல" என்றார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரிக்கான விளக்கம்தான்.

நம் பேச்சில் 'கேஸ்' என்கிற ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. நெஞ்சு எரிந்தாலும் கேஸ், வயிறு உப்பினாலும் கேஸ், முதுகில் பிடித்தாலும் கேஸ், சாப்பிட்டது கல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாலும் கேஸ். பெயர் ஒன்றாகிவிட்டால் மருந்தும் ஒன்றாகத்தானே தேடுவோம்? ஆயுர்வேதம் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கிறது, ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாக முடியலாம் என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவு எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால், நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் கைவைத்தியங்களில் எது நமக்குப் பொருந்தும், எதைத் தொடக்கூடாது என்று ஓரளவு நாமே கண்டுகொள்ளலாம்.

அடுப்பும் பானையும்

ஆயுர்வேதத்தில் வயிறு பற்றிய எல்லாப் பேச்சும் அக்னியில்தான் ஆரம்பிக்கும். நாம் பசித்தீ என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். நூல்களில் அதற்கு ஜடராக்னி என்று பெயர். உடம்பில் மொத்தம் 13 அக்னிகள் என்பது கணக்கு (வயிற்றில் 1, பஞ்ச பூதங்களுக்கு 5, உடம்பைக் கட்டும் ஏழு தாதுக்களுக்கு 7), ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு அந்த முதல் ஒன்று போதும், மற்ற பன்னிரண்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதை இதற்குச் சமையலறையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறது: பானையில் இருக்கும் அரிசியையும் தண்ணீரையும் கீழே எரியும் நெருப்பு சோறாக்குவதுபோல, இரைப்பையில் இருக்கும் உணவை அக்னி பக்குவப்படுத்துகிறது என்று.

இந்த அடுப்பு நான்கு விதமாக எரியலாம். சரியாக எரிந்தால் சமாக்னி, அதைப் பற்றி யாரும் மருத்துவரிடம் போய்ச் சொல்வதில்லை. காற்றடிக்கும் இடத்தில் வைத்த அடுப்பு மாதிரி ஒரு சமயம் எகிறி ஒரு சமயம் அமர்ந்து எரிந்தால் விஷமாக்னி. வாதம், பித்தம், கபம் என்கிற மூன்று தோஷங்களில் இது வாதத்தின் வேலை. ஒரு நாள் நன்றாகப் பசிக்கும், மறுநாள் அதே நேரத்தில் பசியே இருக்காது, ஒரே சாப்பாடு ஒருநாள் ஒத்துக்கொள்ளும், ஒருநாள் உப்புசமாகும். தேவைக்கு மேல் எரிந்தால் தீக்ஷ்ணாக்னி, அது பித்தம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பசிக்கும், சாப்பாடு தாமதமானால் வயிறும் எரியும், வாயில் வார்த்தையும் எரியும். ஈர விறகு போலப் புகைந்தால் மந்தாக்னி, அது கபம். கொஞ்சம் சாப்பிட்டாலே நெடுநேரம் கனமாக இருக்கும், தூக்கம் வரும், நாக்கில் வெள்ளையாகப் படியும். மந்தமாக இருக்கு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல் இதோடு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

அரைகுறையாக வெந்தது என்ன ஆகும்? அதற்கு ஆமம் என்று பெயர். செரிக்காமல் தங்கிப்போன, ஒட்டும் தன்மையுள்ள கழிவு. இதைக் குழாய் விட்டுத் தோண்டியெடுத்துக் கண்ணில் காட்ட முடியாது, ஆய்வகத்தில் அளக்கவும் முடியாது. அக்னி, ஆமம் எல்லாம் அறிகுறிகளைத் தொகுத்துப் பார்ப்பதற்கான ஒரு பார்வை, அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பார்வை என்பதற்காகப் பயனில்லாதது என்று அர்த்தமில்லை.

கொதிக்கிற தண்ணீர் நெருப்பை அணைக்கும்

இனி நெஞ்செரிச்சலுக்கு வருவோம், இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாகிறது. நெஞ்சு எரிகிறது, புளியேப்பம் வருகிறது, பித்தம் அதிகம், அப்படியென்றால் நெருப்பும் அதிகமாகத்தானே இருக்க வேண்டும், சாப்பிட்டதெல்லாம் பிரமாதமாகச் செரிக்க வேண்டுமே? செரிப்பதில்லை. எரிச்சல் இருப்பவர்களில் பலருக்குப் பசியும் இருக்காது, சாப்பிட்டது மணிக்கணக்கில் புளித்துப் புளித்து மேலே வரும். இந்த முரணுக்குச் சரகர் ஒரு உவமை சொல்கிறார். வெந்நீரும் சூடானதுதான், ஆனால் அதை நெருப்பில் ஊற்றினால் நெருப்பு வளருமா? அணைந்துபோகும். அதே மாதிரி, காரம், புளிப்பு, உவர்ப்பு, எரிச்சலூட்டும் உணவு, செரிக்காத உணவு இவற்றால் பெருகிய பித்தம், தன் நீர்த்தன்மையால் அக்னியை முழுக்கி அணைக்கிறது.

இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. பித்தம் சூடானது மட்டும் கிடையாது, அது திரவமும் கூட. ஆக அம்லபித்தம் என்று ஆயுர்வேதம் சொல்லும் அசிடிட்டியில் அடுப்பு ஒரே நேரத்தில் சூடாகவும் இருக்கிறது, நனைந்தும் இருக்கிறது. பசியைத் தூண்டுகிறேன் என்று சுக்கு, மிளகு போட்டால் சூடு ஏறும், எனக்கு ஆனது அதுதான். சரி, குளிர்ச்சியாக ஏதாவது என்று ஐஸ் தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் கொஞ்சம் தணியும், அடுப்பு இன்னும் நனையும். அதனால்தான் அனுபவமுள்ள வைத்தியர்கள் இதில் கசப்பைத் தேடிப் போகிறார்கள்: சீந்தில், வேம்பு, பேய்ப்புடல் மாதிரி. கசப்பு குளிர்ச்சியானது, பித்தத்தை வற்றவைக்கும், ஆமத்தையும் செரிக்க வைக்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறிய பித்தத்தை லேசான பேதி கொடுத்துக் கீழ்வழியாக வெளியேற்றுவதும் பழைய வழி.

ஒரு தகவல்: சரக சம்ஹிதையில் அம்லபித்தத்துக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. காசியப சம்ஹிதையிலும், நோய்க்கணிப்புக்கென்றே எழுதப்பட்ட மாதவ நிதானத்திலும்தான் அது தனி நோயாக விரிவாக வருகிறது. மாதவர் அதை மேல்நோக்கிப் போவது, கீழ்நோக்கிப் போவது என்று இரண்டாகப் பிரிக்கிறார். மேல்நோக்கிப் போவது என்பது புளிப்பும் கசப்புமாக எதுக்களித்து வருவது, நெஞ்சும் தொண்டையும் எரிவது. இன்றைக்கு ரிஃப்ளக்ஸ் என்று சொல்கிறோமே, வாசித்தால் அதன் வர்ணனை போலவே இருக்கும். நவீன மருத்துவத்தில் இதற்குக் காரணம் சொல்வது வேறு மாதிரி, உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசை சரியாக இறுகாததால் அமிலம் மேலே ஏறுகிறது என்று. இரண்டும் ஒன்றேதான் என்று யாராவது பொருத்திக்காட்டினால் நம்பிவிட வேண்டாம், பார்க்கும் கோணமே வேறு.

பித்தம் தணிக்கும் பொருட்களில் வீட்டிலேயே கிடைப்பது கொத்தமல்லி விதை. இடித்த தனியா ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர், ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரையோ கற்கண்டோ சேர்த்துக் குடிப்பது. ஹிமம் என்று இந்தச் செய்முறைக்குப் பெயர், உள்ளெரிச்சலுக்கும் தாகத்துக்கும் சார்ங்கதர சம்ஹிதை இதைச் சொல்கிறது. காய்ச்சக் கூடாது, ஊறவைப்பதுதான் விஷயம். அடுத்தது நெல்லிக்காய். புளிப்பு பித்தத்தை ஏற்றும் என்பது பொதுவிதி, அதற்கு விலக்கு நெல்லியும் மாதுளையும் என்று சரகரே சொல்லிவிடுகிறார். நாக்கில் புளித்தாலும் நெல்லிக்காயின் வீரியம் குளிர்ச்சி, செரித்தபின் எஞ்சும் தன்மை இனிப்பு என்று விளக்கம். அதாவது நாக்கில் படும் சுவையை மட்டும் வைத்து ஒரு பொருளை எடைபோடக் கூடாது. சொன்னேனே தவிர, வெறும் வயிற்றில் நெல்லிச்சாறு குடித்து நெஞ்செரிந்தவர்களையும் எனக்குத் தெரியும். நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக எரிய எரியக் குடிக்க வேண்டியதில்லை.

வாயு எங்கே போக வேண்டும்

வாயுவின் கதையே தனி. இங்கே சூடு பிரச்சினை இல்லை, திசைதான் பிரச்சினை. ஆயுர்வேதம் வாதத்தை ஐந்தாகப் பிரிக்கிறது, அதில் வயிற்றுக்கு முக்கியமானவை இரண்டு. சமான வாயு அக்னிக்குப் பக்கத்தில் இருந்து ஊதிக் கொடுப்பது, ஊதாங்குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அபான வாயு கீழ்நோக்கி இறங்கி மலம், சிறுநீர், காற்று எல்லாவற்றையும் வெளியே தள்ளுவது. அபானன் இறங்க வழியில்லாமல் அடைபட்டால் திரும்பி மேலே ஏறுகிறது: வயிறு பொருமும், குடல் இரையும், விலாவில் குத்தும், ஏப்பமாக வரும், சில சமயம் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும். இதற்கு உதாவர்த்தம் என்று பெயர். வாயுத் தொல்லை என்று போனால் வைத்தியர் முதலில் "காலைல வயிறு சுத்தமா போகுதா?" என்று கேட்பது இதனால்தான். கீழ்க்கதவு அடைத்திருக்கும்போது மேலே என்ன மருந்து கொடுத்து என்ன.

சரக சம்ஹிதை அடக்கக் கூடாத இயற்கை உந்துதல்கள் 13 என்று பட்டியல் போடுகிறது. மலம், சிறுநீர், கீழ்க்காற்று, ஏப்பம், பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் வருகிறது. கூட்டத்தில் உட்கார்ந்து காற்றை அடக்குவது, அவசரத்தில் காலைக்கடனைத் தள்ளிப்போடுவது, வேலை மும்முரத்தில் பசியை ஏமாற்றுவது, இவை மூன்றும் சேர்ந்தால் உப்புசத்துக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

இந்த இடத்தில்தான் சூடான பொருட்களுக்கு மரியாதை. வெந்நீர், சீரகம், ஓமம், சுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருங்காயம். ஹிங்குவாஷ்டக சூரணம் என்று கடையில் கிடைப்பதன் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்று எட்டு. (ஓமத்தின் இடத்தில் நூல் சொல்வது அஜமோதா, அது ஓமத்துக்கு நெருங்கிய இன்னொரு விதை.) இதைச் சாப்பிடும் முறைதான் அழகு. சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் கலக்கி மடக்மடக்கென்று குடிப்பது கிடையாது, சூடான சோற்றின் முதல் கவளத்தில் நெய்யோடு பிசைந்து சாப்பிட வேண்டும். வாதத்தின் குணம் வறட்சி, வெறும் காரப்பொடியும் வறட்சி, நெய் சேர்ந்தால்தான் இரண்டும் அடங்கும். பெருங்காயத்தை நெய்யில் பொரித்துச் சேர்ப்பதும் அதே காரணத்துக்காக என்று நினைக்கிறேன். போகிற போக்கில் ஒன்று, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோந்தோ கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதே சூரணத்தை நெஞ்செரிச்சல்காரர் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்லவே தேவையில்லை.

மோரும் இந்த விளையாட்டில் மாட்டிக்கொள்ளும் பொருள்தான். வெண்ணெய் எடுத்து, நன்றாக நீர் விட்டுப் பெருக்கி, சீரகமும் இந்துப்பும் போட்ட புதிய மோர் மந்தத்துக்கும் வாயுவுக்கும் நல்லது. அதே மோர் நன்றாகப் புளித்துவிட்டால் பித்தக்காரருக்கு ஆகாது. பால் இதற்கு நேர் எதிர், எரிச்சலைக் கொஞ்ச நேரம் தணிக்கும், ஆனால் பால்சர்க்கரை செரிக்காத உடம்பென்றால் அதே பால் இரண்டு மணி நேரத்தில் வயிற்றை உப்பவைத்துவிடும். எரிச்சல் போய்ப் பொருமல் வந்தது என்று குழம்புகிறவர்கள் இதைக் கவனித்துப் பார்க்கலாம்.

மூன்றாவதாக மந்தம். இதற்கு மருந்தைவிட முதலில் சொல்லப்படுவது லங்கணம், அதாவது ஒரு வேளை பட்டினி போடுவது அல்லது கஞ்சித்தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது, கர்ப்பிணிகளும் வேண்டாம்.

எப்போது, எவ்வளவு

மருந்துப் பெயர்களைவிட இந்தப் பகுதிதான் பலருக்கு உண்மையில் வேலை செய்யும், ஆனால் சுவாரசியமில்லாததால் யாரும் படிப்பதில்லை. வயிற்றை மூன்று பங்காக்கி, ஒன்று திட உணவுக்கு, ஒன்று திரவத்துக்கு, ஒன்று வாத பித்த கபங்கள் அசைந்து வேலை செய்யச் சும்மா விடச் சொல்கிறது சரகம். அஷ்டாங்க ஹிருதயம் நான்கு பங்காக்கி, இரண்டு உணவு, ஒன்று நீர், ஒன்று காற்றுக்கு என்கிறது. கணக்கு வேறாக இருந்தாலும் முட்ட முட்டச் சாப்பிடாதே என்பதில் இருவரும் ஒன்று.

அதைவிட முக்கியமானது அத்யசனம், முன்பு சாப்பிட்டது செரிக்கும் முன்பே அடுத்ததைப் போடுவது. பாதி வெந்த சோற்றில் இன்னொரு பிடி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும், இதுவும் வேகாது அதுவும் குழையும். சரி, செரித்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. சாப்பிட்டதன் வாசமில்லாத சுத்தமான ஏப்பம், உடம்பு லேசாவது, சுறுசுறுப்பு, மலமும் சிறுநீரும் தடையில்லாமல் போவது, உண்மையான பசியும் தாகமும், இவைதான் அடையாளம். ஒரு வாரம் இதை மட்டும் கவனித்துச் சாப்பிட்டுப் பார்த்தபோது, நான் சாயங்காலம் பசி என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததில் பாதி வெறும் சலிப்பு என்று தெரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சாப்பிட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சுஸ்ருத சம்ஹிதை சொல்வது எனக்குப் பிடிக்கும். முதலில் உண்ட களைப்புத் தீரும்வரை ராஜா மாதிரி உட்கார், பிறகு நூறு அடி நட, அதன்பின் இடதுபக்கமாகப் படு. இடதுபக்கம் படுத்தால் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்கிவிடுகிறது, அதனால் எதுக்களிப்பு குறைகிறது என்று இன்றைய மருத்துவர்களும் ரிஃப்ளக்ஸ் உள்ளவர்களுக்கு அதையே சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி சாப்பிட்ட கையோடு படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுவது அதைவிடப் பெரிய உதவி.

இன்னொன்று, அளவாக, நல்ல உணவாகவே சாப்பிட்டாலும் கவலை, துக்கம், பயம், கோபம், ராத்திரி கண்விழிப்பு இருந்தால் செரிக்காது என்று சரகர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். உணவுப் பட்டியலை எத்தனை தடவை மாற்றியும் குணமாகாதவர்கள் ஒருமுறை இந்த வரியின் பக்கம் வந்து பார்க்கலாம்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

இயற்கையானது, அதனால் பக்கவிளைவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசிடிட்டிக்குப் பலரும் தாமாக வாங்கும் அவிபத்திகர சூரணத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் பாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு சிவதை, மிச்சத்தில்தான் மற்றவை. சிவதை பேதி மருந்து, பித்தத்தைக் கீழே இறக்குவதற்காகவே சேர்த்தது. ஆக நீரிழிவுக்காரர்களுக்கு அந்தச் சர்க்கரை ஆகாது, ஏற்கெனவே வயிறு இளகிப் போகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தச் சிவதை ஆகாது. அதிமதுரம் வயிற்றுப் புண்ணுக்கு இதமான மருந்து, ஆனால் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். இந்துப்பும் உப்புதான்.

உலோகம் சேர்ந்த மருந்துகள் இன்னொரு கவலை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. பெயரில் ரசம் (இங்கே பாதரசம்), பஸ்மம் (நீற்றிய பொடி) என்று வந்தால், தகுதியுள்ள மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் வாங்க வேண்டாம், ஒரு சாதாரண உப்புசத்துக்கு அவை தேவையும் இல்லை.

பழைய நூல்களின் கண்ணில் படாத காரணங்களும் உண்டு. வயிற்றுப் புண்ணுக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்கிற பாக்டீரியா இருக்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் காட்டினார்கள், நிரூபிக்க மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார், 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமி இருந்தால் அதற்குரிய ஆன்டிபயாடிக் மருந்துகள்தான் தேவை, கொத்தமல்லித் தண்ணீர் போதாது. வலி மாத்திரைகளை அடிக்கடி போடுகிறவர்களுக்கு வரும் புண்ணும் அப்படித்தான், மாத்திரையை நிறுத்தாமல் எத்தனை சூரணம் சாப்பிட்டும் பலனில்லை. ஏற்கெனவே அமிலம் குறைக்கும் மாத்திரையைப் பல மாதங்களாகச் சாப்பிடுகிறவர்கள் ஆயுர்வேதத்துக்கு மாறுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகத் திரும்பிச் சுரக்கும், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதுதான் சரி.

விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, வாந்தியில் ரத்தம், ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனைதான். நெஞ்சில் அழுத்தமும் வலியும் வந்து இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், கூடவே வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ, கேஸாகத்தான் இருக்கும் என்று பெருங்காயத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். மாரடைப்பை வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பது நம்மிடம் நிறையவே நடக்கிற தவறு.

அந்த அளவுக்கு இல்லாத, வந்து வந்து போகிற தொல்லை என்றால், மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். சாப்பிட்ட எத்தனை மணி நேரத்தில் வருகிறது, எரிகிறதா உப்புகிறதா கனக்கிறதா, ஏப்பம் புளிக்கிறதா அல்லது வெறும் காற்றா, காலையில் வயிறு எப்படிப் போனது, முந்தைய ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள். நான் குறித்துக்கொண்டு போன துண்டுச் சீட்டை அந்த மருத்துவர் இரண்டு தடவை படித்துவிட்டு, நாடிகூடப் பார்க்காமல், "ராத்திரி பத்தரைக்குச் சாப்பிடுறத எட்டு மணிக்கு மாத்துங்க, மருந்து அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.